வலிமைக்கு எது அளவு?

வியாழக்கிழமைதோறும் விவேக் நகரிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்தை நோக்கி மக்கள் திரள் திரளாகச் செல்வதை நாம் அறிவோம். தமிழரும் கன்னடரும் மலையாளிகளும், சமய வேறுபாடு கருதாத பிறரும் அக்கூட்டத்தில் இருப்பர். அதே மாலைப் பொழுதில், அதே பகுதியின் உடற்பயிற்சிக் கூடங்களில் நம் இளைஞர்கள் இரும்பைத் தூக்கிக்கொண்டிருப்பர். அக்கூடங்களின் சுவர்களில் புடைத்த தோள்களும் திரண்ட மார்பும் கொண்ட பலவான்களின் படங்கள் தொங்கும். ஓரிடத்தில் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள இயலாத குழந்தையின் உருவைத் தொழுகின்றனர். மற்றோரிடத்தில் மலையைப் பெயர்க்கும் மல்லனின் உருவை வியக்கின்றனர். இவ்விரண்டில் எது மனிதனின் உண்மையான பெருமை? நாம் வலிமையை வியப்பது தகுமா? தகுமாயின், அதை எந்த அளவுகோலால் அளப்பது?

இவ்வியப்பு நமக்குப் புதியதன்று. ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வென்ற செய்தியைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்னும் பெயரைத் தாங்கினான். கடற்கரை நகரொன்று இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது. தென்பாண்டிச் சீமையின் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றொரு கல் உண்டு. உருண்டு திரண்டு, பிடிக்க இடமின்றி வழுவழுப்பாய் இருக்கும். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டு சென்று, பின்புறம் எறிய வேண்டும். அதைத் தூக்கிய இளைஞனுக்கே பெண் கொடுப்பர் என்பது பழைய வழக்கு. நெல்லைப் பகுதியில் வடலிவிளை போன்ற ஊர்களில் பொங்கல் நாளில் இப்போட்டி இன்றும் நடைபெறுகிறது. பெண்களும் கல்லைத் தூக்கிக் காட்டுகின்றனர்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வியப்புக்கு மற்றொரு பொருளும் சேர்ந்தது. ஐரோப்பியப் பலவான் யூஜின் சாண்டோ 1904-05ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து தம் உடல் வன்மையைக் காட்டினார். இந்தியர் உடலால் நலிந்தவர், ஆளப்படவே பிறந்தவர் என்று ஆள்வோர் பேசிய காலம் அது. அக்காலத்தில்தான் கோடி ராமமூர்த்தி நாயுடு எழுந்தார். சென்னையில் பயிற்சி பெற்று, ஆந்திரத்து விஜயநகரத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, பின் சொந்தமாக சர்க்கஸ் நடத்தியவர். மார்பில் பூட்டிய இரும்புச் சங்கிலியை மூச்சை இழுத்து அறுத்தார். நெஞ்சின்மீது யானையை ஏற்றினார். 1910இல் இலண்டன் சென்ற காமா, போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். அன்று முடிவு ஏற்படவில்லை. மீண்டும் நடக்கவிருந்த போட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்திற்குள் அவரை வீழ்த்தினார். அரங்கில் அமர்ந்து கைதட்டிய எளிய மக்கள் ஒரு மனிதனின் தசையை மட்டுமா கண்டனர்? தம் தாழ்வு பொய் என்பதற்குச் சான்றையும் கண்டனர். ஆதலின் அவ்வியப்பை வீண் வேடிக்கை என்று தள்ளிவிட நம்மால் இயலாது.

“இவையெல்லாம் தந்திரமல்லவா?” என்று கேட்போர் உண்டு. ஓரளவு உண்மைதான். யானை பலகையின்மீது நடக்கும்போது அதன் எடை பரவிவிடுகிறது. பலகையின் ஓரம் தரையைத் தொடுமாயின் எடையின் ஒரு பகுதியைத் தரையே தாங்கிக்கொள்கிறது. மார்பின்மீது வைத்த கல்லைச் சம்மட்டியால் உடைக்கும்போது, கல் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது மெதுவாகவே அசையும். அடியின் வேகம் கல்லிலேயே அடங்கிவிடும். ஆயினும் அந்தப் பலகையின்கீழ் நம்மில் எவர் படுப்போம்? எஞ்சிய எடையைத் தாங்கும் உடலும், அஞ்சாத நெஞ்சும் வேண்டுமே! அறிவு துணை நின்றதனால் வலிமை பொய்யாகிவிடாது.

தந்திரமா என்னும் கேள்வியை விட, “பிறகு என்ன ஆயிற்று?” என்னும் கேள்வியே நம்மை மிகுதியும் வருத்துவது. உலகம் போற்றிய சாண்டோ 1925இல் மறைந்தபோது பெயர்க்கல்லும் இல்லாத புதைகுழியில் அடக்கம் செய்யப்பட்டார். 1960இல் லாகூரில் மறைந்த காமாவின் இறுதி ஆண்டுகள் நோயிலும் வறுமையிலும் கழிந்தன. தோல்வி காணாத தோள்களும் காலத்திடம் தோற்றன.

இதை நம் பெங்களூரில் வாழ்ந்த ஒருவரே உணர்ந்திருந்தார். கோலார் வேங்கடேச ஐயர் என்னும் கே. வி. ஐயர் இந்நகரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நிறுவியவர். தேவரும் விரும்பும் உடல் தம்முடையது என்று எழுதத் தயங்காதவர். அவரே கன்னடத்தில் ‘ரூபதர்சி’ என்னும் நாவலையும் எழுதினார். ஓவியன் ஒருவன் குழந்தை இயேசுவை வரைய அழகே உருவான ஒரு சிறுவனை மாதிரியாகக் கொள்கிறான். ஆண்டுகள் பல கழித்து, காட்டிக் கொடுத்த யூதாசை வரையக் கொடிய முகமொன்றைத் தேடிக் கண்டடைகிறான். அம்முகம் அதே சிறுவனுடையது. உடலழகைத் தொழிலாகவே கொண்ட ஒருவர், உருவம் நிலையாதது என்பதைக் கதையாக எழுதினார் என்பது நாம் நினைந்து பார்க்கத்தக்கது.

கோலார் என்றதும் நமக்கு மற்றொரு நினைவும் வரும். கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் 2001ஆம் ஆண்டு அவை மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அந்தப் பாறைச் சூட்டில் சம்மட்டி பிடித்த கைகளுக்கு எந்த அரங்கமும் கைதட்டவில்லை. நம்மில் பலர் அத்தகைய கைகளின் வழிவந்தோரே.

நம் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இளமையில் வடஆர்க்காட்டிலிருந்து வந்து, சந்தையில் மூட்டை சுமந்து, மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நூறு கிலோ மூட்டையை முதுகிலேற்றிச் சாய்ந்த பலகையின்மேல் லாரிக்குள் ஏறுவார் என்று அவர் காலத்தவர் சொல்வர். இன்று பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கிறார். மூத்த மகன் காலையும் மாலையும் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறான். நாம் சென்றிருந்த ஒரு நாள் பெரியவர் கண்கலங்கி, “ஊர் பாரத்தையெல்லாம் தூக்கினேன், இன்னைக்கு நானே பாரமாயிட்டேன்” என்றார். மகன் துண்டால் அவர் முதுகைத் துடைத்தவாறே, “நீங்க தூக்குன மூட்டையில நீங்க எத்தனை பங்கு கனம்ப்பா?” என்றான். பெரியவர் சிரித்துவிட்டார்.

அவர் கண்ணீர் நமக்கு ஒன்றை உணர்த்தியது. மனிதனின் மதிப்பு அவன் வலிமையில் உள்ளது என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாயின், அப்பெரியவருக்கு இன்று மதிப்பில்லை என்று தீர்ப்புக் கூறுகிறோம். நாளை நமக்கும் அதே தீர்ப்பை எழுதிக்கொள்கிறோம். பிறருக்குப் பயன்படும் வலிமையே மதிப்புடையது என்று சொன்னாலும் இடர்ப்பாடு நீங்காது. பயன்பட இயலாத நாளில் அவன் என்னாவான்? மதிப்பு முன்னது, வலிமை பின்னது. பிறந்த நாளில் நாம் எவருக்கும் எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. நம்மைத்தான் பிறர் தூக்கினர். முதுமையிலும் பிறர் தூக்குவர். இவ்விரண்டு பருவங்களுக்கும் இடையே சில ஆண்டுகள் நம் கையில் இருப்பதே வலிமை. அது முன்பு பெற்ற கடனைத் திருப்பித் தரும் காலம் அன்றோ?

நோன்பிருந்து பசியைப் பொறுப்பவரின் ஆற்றலைவிடப் பிறர் பசியை மாற்றுவாரின் ஆற்றலே பெரிது என்பது வள்ளுவர் துணிவு. தனக்குள் தாங்குவதும் ஆற்றலே. பிறர்க்காகத் தாங்குவது அதனினும் பெரிய ஆற்றல். மல்லர்களின் அரங்கையும் சுரங்கத்தின் இருளையும் இவ்வளவுகோல் ஒரே முறையில் அளக்கிறது. தாழ்வுற்ற மக்களுக்குத் தலைநிமிர்வைத் தந்த அளவுக்கு ராமமூர்த்தியும் காமாவும் உயர்ந்தவர். மூட்டை சுமந்து பிள்ளைகளைக் கரையேற்றிய அளவுக்கு நம் பெரியவரும் உயர்ந்தவர்.

ஆகவே நம் இளைஞர்கள் இரும்பைத் தூக்கட்டும். பழைய மல்லர்களின் படங்களைச் சுவரில் மாட்டட்டும். நாம் தடுக்க வேண்டியதில்லை. ஊரில் விட்டுவந்த இளவட்டக்கல்லை இந்த நகரத்தில் எவரும் அவர்கள் முன் வைக்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தூக்க வேண்டிய ஒருவர் இருக்கிறார், அல்லது ஒருநாள் இருப்பார். அவரைத் தூக்கும்போது, அவர் தம்மைப் பாரம் என்று எண்ணாதபடி தூக்கக் கற்ற கைகளையே நாம் வலிய கைகள் என்போம்.