ரிவெர்ட் என்னும் பரிகாரம்

செய்த வினையை இல்லாமல் ஆக்க முடியுமா? புதிதாக வருபவர்களுக்கு, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியைச் சொல்லித்தரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான். தவறான கமிட்டை புஷ் செய்துவிட்டால் வழி இரண்டு. ‘கிட் ரிவெர்ட்’ பழையதைத் தொடாது. அதற்கு நேரெதிரான புது கமிட்டைச் சேர்க்கும். ரீபேஸ் செய்து ஃபோர்ஸ் புஷ் கொடுத்தாலோ வரலாறே மாறும். மெயின் பிராஞ்சில் ரிவெர்ட் மட்டுமே என்பது என் கண்டிப்பு.

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இந்தக் கருவியில், ஒரு கமிட்டின் ஹேஷ் அதற்கு முந்தைய கமிட்டின் ஹேஷையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்னால் வந்த அத்தனைக்கும் அடையாளம் மாறிவிடும். வினை செய்தவனையே சேரும் என்பார் அப்பா. இங்கே அது அதே பிராஞ்சில் வேலை செய்யும் பக்கத்து மேசைக்காரரின் தலையில் விடிகிறது. கர்மக் கொள்கையில் எனக்கு நெருடுவதும் அதுதான்.

அழித்ததும் உடனே அழிவதில்லை. ‘கிட் ரெஃப்லாக்’ போட்டுப் பாருங்கள். கைவிட்ட கமிட்டின் தடம் பொதுவாக 30 நாள் உங்கள் கணினியிலேயே இருக்கும்.

பரிகாரத்தை நான் ரிவெர்ட்டாகவே புரிந்துகொள்கிறேன்: செய்ததும் இருக்கும், ஈடுசெய்ததும் இருக்கும். ஏன் ரிவெர்ட் செய்தீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கிட் தானாகப் போடும் வாசகத்தில் காரணம் இருக்காது.