இலை உதிர்வது எதற்காக?

படைப்பில் வீணானது எதுவுமில்லை என்ற நம்பிக்கை சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. கடவுளை ஏற்காத அறிவியலாளரும் ஒரு மரத்தின் இயல்பைக் கண்டால் 'இது எதற்காக?' என்றே கேட்கிறார். பொருத்தமான விடை கிடைத்துவிட்டால் அதையே காரணமாகவும் கொண்டுவிடுகிறார். பொருத்தம் சான்றாகிவிடாது என்பதைத் துருவக் காடுகளின் வரலாறு நன்றாகக் காட்டுகிறது. கனடாவின் வடகோடியில் உள்ள ஆக்சல் ஹைபர்க் தீவில் இன்று ஒரு மரமும் வளர்வதில்லை. ஆனால் சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடிமரங்கள் அங்கே வேரோடு நிற்கின்றன. அவை கல்லாகவில்லை, ரம்பத்தால் அறுக்கலாம், தீயிட்டால் எரியும். அவற்றுள் முக்கியமானது மெட்டாசெகோயா, ஊசியிலை இனமாக இருந்தும் ஆண்டுதோறும் இலை உதிர்க்கும் மரம். அக்காலத்தில் துருவம் இதமாக இருந்தது; ஆனால் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழாது. அந்த இருட்டில் உணவு தயாரிக்க முடியாத இலை, சுவாசித்துச் சுவாசித்து மரத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும். சேமிப்பைக் காக்கவே மரம் இலையைக் கைவிட்டது என்று நெடுங்காலம் விளக்கினார்கள்.

ராயர், ஆஸ்போர்ன், பியர்லிங் ஆகியோர் இதைச் சோதித்து 2003இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். துருவ ஒளியையும் கரியமில வாயு மிகுந்த காற்றையும் அமைத்து, இலையுதிர் மரம், பசுமை மாறா மரம் ஆகிய இருவகைக் கன்றுகளையும் வளர்த்தார்கள். பசுமை மாறா மரங்கள் இருட்டில் சுவாசித்து இழந்த கரிமம் சொற்பம். மற்றவை உதிர்த்த இலைகளோடு போன கரிமமோ அதைவிடப் பலமடங்கு. சிக்கனம் என்று கருதப்பட்டதே பெருஞ்செலவாக இருந்தது. தொட்டிக் கன்றுகளை வைத்து ஒரு பழங்காட்டை அளக்கலாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அண்டார்க்டிகாவின் அலெக்சாண்டர் தீவில் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற துருவக் காடு பெரும்பாலும் பசுமை மாறா மரங்களால் ஆனது. இன்னொரு சான்றும் உண்டு: 1940களில் சீனாவில் உயிரோடு அறியப்பட்ட மெட்டாசெகோயா, நாள்தோறும் சூரியன் எழும் மண்ணிலும் இலை உதிர்க்கிறது.

நோக்கத்தை மறுத்தால் இறைவனையே மறுத்ததாகாதா என்று சிலர் அஞ்சலாம். சோதனை மறுத்தது நாம் கற்பித்த ஒரு நோக்கத்தைத்தான். நம் வரவுசெலவுக் கணக்குக்கு அடங்கிய நோக்கம் ஒன்றை இறைவன்மேல் ஏற்றி, அதைக் கொண்டே அவனை நிறுவ முயல்வது பக்திக்குப் பலம் சேர்க்காது; அடுத்த ஆய்வு அந்த நோக்கத்தைத் தகர்க்கும்போது நம்பிக்கையும் கூடவே ஆட்டம் காணும். இயற்கைத் தேர்வின் பெயரால் நோக்கம் கற்பிப்பவருக்கும் இது பொருந்தும். வடதுருவக் காடுகளில் இலையுதிர் மரங்கள் ஏன் அவ்வளவு பெருகின என்பதற்கு மரபு, மண், காட்டுத்தீ எனப் பல காரணங்கள் இருக்கலாம். உறுதியான விடை கிடைக்கும்வரை, பக்தரும் ஆய்வாளரும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவைக்க வேண்டும்.