கருவில் இருக்கும் அமானிதம்

 

ரமலான் நெருங்கிவிட்டது. நோன்பின் சிறப்புகளை வரும் வாரங்களில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ். இன்று நம் வீட்டுக் கர்ப்பிணிகளுக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்கிவிட வேண்டாம். உங்களுக்காகத்தான் பேசுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ரமலானில் லுஹர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், வீட்ல ஏழு மாசம். சுகர்னு இன்சுலின் போடுறாங்க. நோன்பு வைக்கலாமா?" நான் அவசரத்தில் இருந்தேன். "முடிஞ்சா வைக்கச் சொல்லுங்க தம்பி, அல்லாஹ் பலம் தருவான்" என்றேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் அஸருக்கு முன்னால் அந்தப் பெண் மயங்கி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அந்தத் தம்பி என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

*கேட்காமல் சொன்ன பதில்*

அரபுக் கல்லூரியில் ஓதிய ஒரு ஹதீஸ்தான் அன்று நினைவில் வந்து நின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஒரு பயணத்தில் ஒருவருடைய தலையில் கல்பட்டுக் காயமானது. அவருக்குக் குளிப்பு கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவரைக் கொன்றது இவர்கள்தான் என்ற கருத்தில் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பேணுதலில்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பேணுதலுக்கு விலை கொடுத்தது காயம்பட்டவருடைய உயிர். நானும் அப்படித்தான். அல்லாஹ் பலம் தருவான் என்று நான் சொன்னது என் தவக்குல் என்று நினைத்தேன். உண்மையில் அது இன்னொருவர் உடம்பை வைத்து நான் காட்டிய தைரியம். அடுத்தவர் உயிரைப் பணயம் வைப்பதற்கு மார்க்கத்தில் தவக்குல் என்று பெயர் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வை நம்பச் சொன்ன மார்க்கம் இது.

*இது யார் குற்றம்?*

"இனிப்பா தின்னுருப்பா, அதான் வந்துருக்கு" என்று சொல்கிறோம். டாக்டர்கள் விளக்குவதைக் கேளுங்கள். கருவுக்கு உணவு கொண்டுபோகும் நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. சில உடல்கள் கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சில உடல்களால் முடியாது. உடல் பருமன், குடும்பத்தில் சர்க்கரை போன்றவையும் காரணமாகலாம். இதில் அவள் செய்த பாவம் எங்கே இருக்கிறது? தாயின் இரத்தத்தில் கூடும் சர்க்கரை பிள்ளைக்குப் போகும். பிள்ளை அளவுக்கு மேல் பெருக்கும். பிறந்ததும் அதன் சர்க்கரை திடீரென இறங்கலாம். ஆனால் தாய் போடும் இன்சுலின் பிள்ளைக்குப் போவதில்லை. ஊசி போட்டால் பிள்ளைக்குக் கெடுதல் என்ற பேச்சை இனி யாரும் பேச வேண்டாம்.

சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இந்த நோய்க்காகவே பல்லாண்டுகள் உழைத்தவர். அவர் பிறந்த மார்ச் 10ஆம் நாள் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கப்படுகிறது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2007இல் தமிழக அரசு ஆணையிட்டது. வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். 2 மணி நேரம் கழித்து 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டும். முதல் முறை போகும்போதே இதைப் பார்ப்பார்கள். சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பப் பார்ப்பார்கள். இலஞ்சியிலிருந்து தென்காசி அரசு மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். தூரத்தைக் காரணம் சொல்ல நமக்கு வழியில்லை.

*நோன்பின் சட்டம்*

கர்ப்பிணி தனக்கோ பிள்ளைக்கோ ஆபத்து வரும் என்று அஞ்சினால் நோன்பை விடலாம். ஹனஃபி மத்ஹபில் பிறகு களா செய்தால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் களாவோடு ஃபித்யாவும் உண்டு. அந்த அச்சத்தை முடிவு செய்ய திறமையான மருத்துவரின் சொல் வேண்டும். மாமியாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஏன், இமாமோகூட மருத்துவரைக் கேட்காமல் அதை முடிவு செய்ய முடியாது. ஆபத்து உறுதி என்று தெரிந்தும் நோன்பு வைப்பது நன்மையாகாது, அது தடுக்கப்பட்டது. விடச் சொன்னவனும் அல்லாஹ்தான். அந்தச் சலுகையை ஏற்றுக்கொள்வதும் அவனுக்குக் கட்டுப்படுவதுதான்.

*வீட்டில் உள்ளவர்கள் பொறுப்பு*

ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்பது நபிமொழியின் கருத்து. அந்தப் பிள்ளை தாயிடம் மட்டும் கொடுக்கப்பட்ட அமானிதமா? "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு" என்று சோற்றை அள்ளி வைப்பவர் யார்? சீசனுக்கு வந்த விருந்தாளி கொண்டுவந்த அல்வாவை, ஒரு வாய் தின்னா ஒண்ணும் ஆகாது என்று நீட்டுபவர் யார்? இஃப்தாரில் நாம் சர்பத் குடித்துக்கொண்டே நீ குடிக்காதே என்றால் அவள் மனம் என்ன பாடுபடும்?

கணவர்மார்களே, அவளுக்குச் சொன்ன அளவுச் சாப்பாட்டை நீங்களும் சாப்பிடுங்கள். டாக்டர் நடக்கச் சொன்னால் கூடவே நடங்கள். ஊசி போடும் நேரம் பக்கத்தில் இருங்கள். பிள்ளை பிறந்ததோடு மறந்துவிடாதீர்கள்; ஆறு வாரம் கழித்து மறுபடியும் சர்க்கரை பார்க்க வேண்டும். இந்தத் தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

அந்தத் தம்பியின் பிள்ளை இப்போது நம் மக்தபில் ஓத வருகிறது. பார்க்கும்போதெல்லாம் இஸ்திக்ஃபார் செய்துகொள்கிறேன். இப்போது யார் வந்து கேட்டாலும், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக! தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.