முறை

விடியற்காலை நாலரைக்கு மானாம்பதிப் பக்கம் ரோட்டோரத்தில் கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் காத்து நிற்பார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள். வீட்டில் பிள்ளை இன்னும் எழுந்திருக்காது. ஆனால் சோறு வடித்தாகிவிட்டது, குழம்பும் கொதித்து இறங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் கம்பெனி வேலை. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒருவருக்குக் காலை ஷிப்டு என்றால் மற்றவர் செகண்ட் ஷிப்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஒருவர் கிளம்பி மற்றவர் வந்து சேரும்வரை குழந்தை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம். சுவரில் மாதக் காலண்டர். ஒவ்வொரு தேதியிலும் பேனாவால் இருவர் ஷிப்டும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றாக விழுந்த நாளைச் சுற்றி ஒரு வட்டம். அன்றைக்குத் திருப்புலிவனத்திலிருந்து அவளுடைய அம்மா வந்தாக வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் சம்பளம் போவது பெரும்பாலும் அவளுக்குத்தான்.

பெண்கள் வேலைக்குப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், நூறு நாள் வேலையில் மண் சுமந்தவர்கள் அவர்கள்தான். காஞ்சிபுரம் தறி வீடுகளில் மனைவி தார் சுற்றிக் கொடுக்காமல் சேலை இறங்காது. கூலி மட்டும் கணவன் கைக்குப் போகும். இப்போது சம்பளம் அவள் பெயரிலேயே வங்கிக்கு வருகிறது. இது பெரிய மாற்றம், நான் மனதார வரவேற்கும் மாற்றம். அடுப்படி மட்டும் அவள் பெயரிலேயே நிற்கிறது.

2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, தம் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இது 299, 97 என்று இருந்தது. பெண்களின் பாரம் பத்து நிமிடம் குறைந்தபோது ஆண்கள் கூடுதலாக எதையும் தூக்கிக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாருக்கு ஒரு வேளைச் சமையலை இறக்கி வைத்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது எட்டாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பலன் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் தூங்கும் குழந்தையை நாலரை மணிப் பனியில் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போவாள்? காப்பகம் ஊரில் வேண்டும். ஷிப்டு நேரத்துக்குத் திறந்திருக்க வேண்டும்.

ஊரில் வேண்டியது அது. வீட்டுக்குள் வேண்டியது வேறு. "நானும் ஒத்தாசை பண்றேன்" என்று ஆண்கள் சொல்கிறார்கள். ஒத்தாசை என்றால் வேலை அடுத்தவருடையது என்று பொருள். ஏரித் தண்ணீரை யாரும் ஒத்தாசையாக விடுவதில்லை, முறை வைத்து விடுகிறோம். எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின்படி, ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, குடவோலைச் சீட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் 360 நாள் ஊர்ச் சபையின் வாரியப் பொறுப்பு பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தவர் அடுத்த மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். அந்தச் சபையில் பெண்களுக்கு இடமில்லை, பெரும்பாலான சாதிகளுக்கும் இல்லை. அதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரே தோளில் பாரம் நிற்கக் கூடாது என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது.

அந்த வீட்டுக் காலண்டரில் இந்த மாதம் ஷிப்டுக்குக் கீழே இன்னோர் எழுத்து சேர்ந்திருக்கிறது. 'ச' என்றால் சமையல். பக்கத்தில் யார் என்றும் குறித்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அவன். அவள் போன பிறகு எழுந்து உலை வைக்கிறான். அந்த மூன்று நாளும் அவள் மூன்று மணிக்குப் பதில் நாலு மணிக்கு எழுந்தால் போதும்.