நினைவுச் சின்னங்களும் அநேகாந்தமும்

மறைந்தோரை நினைந்து கல் நாட்டும் வழக்கம் தமிழ் மண்ணில் மிகத் தொன்மையானது. போரில் வீழ்ந்த வீரர்க்கு நடுகல் எடுத்தனர் நம் முன்னோர். நம் சமயத்தாரோ, உண்ணா நோன்பிருந்து உடல் நீத்த முனிவர்களுக்கு நிசீதிகை அமைத்தனர். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டை இன்றும் காணலாம். அக்கல்லில் ஆரவாரமான புகழுரை எதுவும் இல்லை. நோற்றவர் யார், எத்தனை நாள் நோற்றார் என்ற செய்தி மட்டுமே உண்டு. கல்லுக்கு அவ்வளவு போதும் என்று அக்காலத்தார் கருதினர் போலும்.

இன்று நம் நகரங்களின் நாற்சந்திகள் தோறும் சிலைகளும் தூண்களும் நிற்கின்றன. அவற்றைக் கடந்துதான் நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பாடநூலைப் படிக்காத பிள்ளையும் சிலையைப் பார்க்கிறது. பீடத்தில் ஏற்றப்பட்டவர் பெரியவர் என்று எண்ணிக்கொள்கிறது. ஆகவே, பொது இடத்தில் நிற்கும் கல் உண்மை சொல்கிறதா, யாருடைய துன்பத்தைச் சொல்கிறது, யாருடைய துன்பத்தை மறைக்கிறது என்று ஆராய்வது நம் கடமையாகிறது. மனித உரிமை என்னும் சொல் நமக்குப் புதிதாக இருக்கலாம். எவ்வுயிரையும் துன்புறுத்தலாகாது என்னும் அறத்தை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு அதன் பொருள் புதிதன்று.

இதனை விளக்க, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கான்பூரில் நிகழ்ந்தவற்றை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு ஜூலை 15ஆம் நாள், அந்நகரில் பீபிகர் என்னும் இல்லத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 200 பேர் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்கள் அருகிலிருந்த கிணற்றில் எறியப்பட்டன. எந்த விடுதலை வேட்கையும் இச்செயலை அறமாக்க இயலாது.

இதற்கு முந்திய மாதத்திலேயே, சென்னையைச் சேர்ந்த ஐரோப்பியப் படைப்பிரிவு ஒன்றின் தலைவராகிய நீல் என்பவர் அலகாபாத்தில் கொடுமைகள் பல புரிந்திருந்தார். ஊர்கள் எரிக்கப்பட்டன, முறையான விசாரணை இன்றி மக்கள் தூக்கிலிடப்பட்டனர். பின்னர்க் கான்பூருக்கு வந்த நீல், பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன், பீபிகரின் தரையில் படிந்திருந்த குருதியை நாவால் நக்கச் செய்தார். அவர்களுடைய சமய நம்பிக்கையைப் புண்படுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவ்வாண்டு செப்டம்பர் மாதம் லக்னோவில் நடந்த போரில் அவரும் மாண்டார்.

இத்துயர வரலாற்றிலிருந்து இரண்டு நினைவுச் சின்னங்கள் எழுந்தன. கான்பூர்க் கிணற்றின்மேல், மரோகெட்டி என்னும் சிற்பி வடித்த வெண்பளிங்குத் தேவதை நிறுத்தப்பட்டது. சுற்றிலும் சோலை அமைக்கப்பட்டது. நாடு விடுதலை பெறும் வரை, இந்தியர் தம் விருப்பப்படி அங்கு நுழைய இயலாதிருந்தது. அலகாபாத்திலும் கான்பூரிலும் மாண்ட இந்தியர்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது சின்னம் நம் சென்னையில் எழுந்தது. மவுண்ட் ரோட்டில் நீலுக்கு வெண்கலச் சிலை எடுத்து, அவரைப் பெருவீரராகப் போற்றினர்.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தலாகாது. முதலாவது, மாண்டவர்க்காக அழுத துயர்க்கல். இரண்டாவது, கொன்றவரை வாழ்த்திய புகழ்க்கல். பிள்ளையை இழந்த தாய் தன் பிள்ளைக்காக மட்டும் அழுவதை யாரும் குறை கூறார். எதிரியின் பிள்ளைக்கும் சேர்த்து அழு என்று அவளிடம் கேட்பது கொடுமை. ஆகவே, துயர்க்கல் ஒரு பக்கத்துத் துயரை மட்டும் சொல்வது குற்றமன்று. அத்துயரைக் காரணம் காட்டி மற்றவரை வெளியே நிறுத்தும்போதே அது பகைக்கல்லாக மாறுகிறது. புகழ்க்கல்லின் நிலை வேறு. எல்லோர்க்கும் உரிய வீதியில், எல்லோரும் வணங்குக என்று உயர்த்தப்பட்ட ஒன்று, அவர் செய்த கொலைகளை மறைத்து நிற்குமாயின் அது கல்லால் செய்த பொய்யாகும்.

இப்பொய்யை எதிர்த்து 1927ஆம் ஆண்டு சென்னையில் நீல் சிலைச் சத்தியாக்கிரகம் எழுந்தது. தொண்டர் சிலர் சிலையை உடைக்கக் கருவிகளுடன் சென்று சிறைப்பட்டனர். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சிறு மகளோடு இப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். அவ்வாண்டு சென்னைக்கு வந்த காந்தியடிகள் இப்போராட்டத்தை ஆதரித்தார். ஆயினும், அது முற்றிலும் அகிம்சை வழியில் நடைபெற வேண்டும் என்று வற்புறுத்தினார். பத்தாண்டுகள் கழித்து, 1937இல் இராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவை அச்சிலையை வீதியிலிருந்து அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்தது.

நம் நோக்கில் இம்முடிவு மிகவும் பொருத்தமானது. சிலை உடைபடவில்லை, வரலாற்றுச் சான்று அழியவில்லை. பீடத்திலிருந்து இறக்கப்பட்டமையால் வணக்கத்துக்குரிய பொருள் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று.

கான்பூரில் நிகழ்ந்ததோ வேறு. விடுதலைக்குப்பின் பளிங்குத் தேவதை அங்குள்ள மாதா கோயில் வளாகத்துக்கு மாற்றப்பட்டது. பழைய சோலை நானா ராவ் பூங்கா ஆயிற்று. தாத்தியா தோபேயின் சிலை அங்கே நிறுவப்பட்டது. விடுதலைக்குப் போராடியவரை நாடு போற்றுவது முறையே. எனினும், முன்பு இந்தியரின் துயர் மறைக்கப்பட்ட அதே இடத்தில், இப்போது கிணற்றில் எறியப்பட்ட குழந்தைகளின் துயர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஒரு மறைப்பை நீக்க மற்றொரு மறைப்பு உதவாது.

இவ்விடத்தில் நம் ஆசாரியர்கள் அருளிய அநேகாந்தம் நமக்குக் கைகொடுக்கிறது. பொருள் பல தன்மைகளை உடையது. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துரைப்பது நயம். ஏனைய தன்மைகளை மறுக்காதவரை நயம் குற்றமுடையதன்று. இதுவே முழு உண்மை, வேறில்லை என்று சாதிக்கும்போது அது துர்நயமாகிறது. எந்தக் கல்லும் வரலாறு முழுவதையும் சொல்ல இயலாது. அதற்கு இடமும் இல்லை. ஒவ்வொரு கல்லும் ஒரு நயம். ஆதலின், தான் சொல்லாததை மறுக்காத கல்லை நாம் ஏற்கலாம். மறுக்கும் கல்லின் அருகே, விடுபட்டதைச் சொல்லும் மற்றொரு கல்லை நாட்டுமாறு கேட்கலாம்.

அவ்வாறு விடுபட்டோரைச் சொல்லும் கல் ஒன்று நம் நாட்டிலேயே உள்ளது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வேளாண் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. நெற்கூலியைச் சற்று உயர்த்தித் தருமாறு தொழிலாளர் கேட்டதே இக்கொடுமைக்கு வித்தாயிற்று. கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்கள் மேல் முறையீட்டில் விடுதலையாயினர். நீதிமன்றம் தராத ஆறுதலை அங்கு எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் ஓரளவு தருகிறது. மாண்டவர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. 44 என்னும் எண் எளிதில் மறந்துபோகும். பெயரைப் படிக்கும்போது ஓர் உயிர் நம் முன் வந்து நிற்கிறது.

துன்புற்றோர் தமக்குத் தாமே கல் நாட்டிக்கொள்வது இயல்பு. துன்புறுத்தியோரின் வழிவந்தவர்கள் நாட்டும் கல் அதனினும் அரியது. யூத மக்களைக் கொன்று குவித்த ஜெர்மனி, தன் தலைநகராகிய பெர்லினின் நடுவில், அவ்வாறு மாண்டோர்க்காக 2,711 கற்பாளங்கள் கொண்ட நினைவிடத்தை 2005ஆம் ஆண்டு திறந்தது. செய்த பிழையை ஒளிக்காது எடுத்துரைத்து, அதிலிருந்து மீள்வதை நாம் பிரதிக்கிரமணம் என்கிறோம். தனி மனிதர்க்கு விதிக்கப்பட்ட இக்கடமை நாடுகளுக்கும் பொருந்தும் என்பதற்கு அந்நினைவிடம் சான்றாகும்.

இவ்வளவும் பிறரைப் பற்றிக் கூறினோம். நம் மனப்புண் ஒன்றையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். மதுரையில் சமணர் எண்ணாயிரவர் கழுவேற்றப்பட்டனர் என்னும் செய்தி சைவ இலக்கியங்களில் வெற்றிச் செய்தியாகப் பாடப்பட்டுள்ளது. சில கோயில்களின் ஓவியங்களிலும் சில திருவிழாக்களிலும் அது காட்டப்படுகிறது. அது நிகழ்ந்ததா, இல்லையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிகழ்ந்திருப்பினும் நிகழாதிருப்பினும், மனிதரைக் கழுவில் ஏற்றுவதைக் கொண்டாட்டமாகக் காட்டுவது நம் உள்ளத்தை வருத்தவே செய்யும். அவ்வருத்தத்தை மறைக்க வேண்டியதில்லை. அதற்காக ஓவியங்களை அழிக்க வேண்டும் என்றும் நாம் கேட்கலாகாது; நம் அயலில் வாழும் சைவ அன்பர்களை அன்றைய மன்னனின் செயலுக்குப் பொறுப்பாக்கவும் கூடாது. இவ்வோவியம் ஒரு சமயத்தாரின் ஒரு காலத்துப் பார்வை என்று எடுத்துரைக்கும் குறிப்பு அங்கே இருத்தல் நலம் என்று அமைதியாகக் கேட்கலாம். பகையின்றிக் கேட்கப்படும் கேள்வியை நல்லோர் செவிமடுப்பர்.

நம் பழைய மலைகளும் நமக்கொரு பாடம் வைத்திருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் வரிசையாக உள்ளன. அவ்வுருவங்களைச் செய்வித்தோர் மன்னர் மட்டுமல்லர். தச்சரும் குயவரும் கொல்லரும் அவருள் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியர் பலர் பெயரும் உண்டு. எண், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் உழைப்பாளியின் பெயரும் பெண்ணின் பெயரும் இறைவன் திருவடியருகே பொறிக்கப்பட்டன என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தோர் நம்மில் எத்தனை பேர்? நம் பெயர்களை நாமே படிக்காதிருந்தால், பிறர் நம்மை மறந்தனர் என்று வருந்துவதில் பயனில்லை.

ஆகவே, பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இதுதான். விடுமுறையில் பிள்ளைகளை எந்த ஊருக்கு அழைத்துச் சென்றாலும், சிலையின் முன் நிறுத்தி மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதை எழுப்பியவர் யார்? இது யாரைப் பற்றிச் சொல்கிறது? இங்கே சொல்லப்படாதவர் யார்? முதல் இரண்டுக்கும் பீடத்திலேயே விடை இருக்கும். மூன்றாவதற்கு வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்ட வேண்டியிருக்கும். பெரியோரைக் கேட்க வேண்டியிருக்கும். அவ்வாறு தேடும் பிள்ளை பிறர் துயரைத் தன் துயராக எண்ணக் கற்றுக்கொள்ளும். அகிம்சை என்னும் விரதத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேறில்லை.

வாழ்க அறம்! வளர்க அருகன் நெறி!