வயலுக்கும் அடுப்புக்கும் இடையிலே

விலை விழுந்த நாளில் தக்காளியைப் பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோன விவசாயி, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுபடியாகாமல், அதைச் சாலையோரத்திலே கொட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். பாலக்கோட்டுப் பக்கத்திலும் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்திலும் இது புதிய காட்சியல்ல. அதே நாளில் ஏதோ ஒரு மஹல்லாவில், கணவரை இழந்த ஒரு தாய் ரேஷன் அரிசியை வடித்துவிட்டு, குழம்புக்கு வழியின்றி ஊறுகாயைத் தொட்டுக்கொள்ள வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார். அல்லாஹ் அளித்த ரிஜ்கில் குறைவில்லை. பண்டமும் இருக்கிறது, பசியும் இருக்கிறது, இரண்டும் சந்திக்கவில்லை. இதற்காக நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விவசாயி என்று சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. உணவைப் பாழாக்குவது பாவம் என்பது உண்மைதான். ஆனால் கடன் வாங்கிப் பயிர் செய்து நஷ்டப்பட்டு நிற்பவரிடம், இன்னும் கைக்காசு போட்டு வண்டி பிடித்து ஏழைகளுக்குக் கொண்டுபோய்க் கொடு என்று சொல்ல நமக்கென்ன உரிமை? ஜக்காத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

திருக்குர்ஆனின் 68-வது அத்தியாயமாகிய ‘அல்கலம்’ ஒரு தோட்டக்காரர்களின் வரலாற்றைச் சொல்கிறது. அது யமன் நாட்டில் ஸன்ஆவுக்கு அருகே இருந்தது என்றும், அவர்களுடைய தந்தை விளைச்சலில் ஏழைகளுக்கு ஒரு பங்கு கொடுத்து வந்த நல்லவர் என்றும் விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். மக்களோ, விடிந்ததும் அறுவடையை முடித்துவிடுவதெனச் சத்தியம் செய்தார்கள். அன்று ஒரு மிஸ்கீனும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கிசுகிசுத்தபடியே புறப்பட்டார்கள். போய்ப் பார்த்தால், இரவோடிரவாகத் தோட்டம் கருகிக் கிடந்தது!

இவ்வரலாற்றைப் படிக்கும்போது, நாம் அப்படி யாரையும் விரட்டவில்லையே என்று நமக்கு ஓர் ஆறுதல் தோன்றும். சற்று நின்று யோசிப்போம். அந்தக் காலத்தில் ஏழை தோட்டத்து வாசலில் நின்றார். அவரைத் தடுக்க வேண்டுமானால் சத்தியம் செய்து, சதி செய்து, விடியுமுன் எழுந்து போக வேண்டியிருந்தது. இன்று அந்தச் சிரமம் எதுவும் தேவையில்லை. நிலம் ஓரிடத்தில், நிலத்துக்குச் சொந்தக்காரர் பட்டணத்தில் அல்லது வெளிநாட்டில், ஏழை இன்னோரிடத்தில். வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. ஆகவே யாரையும் விரட்டவும் வேண்டியதில்லை. தோட்டக்காரர்கள் செய்த வேலையை இன்று தூரம் செய்துவிடுகிறது. நம் மனசாட்சியும் நிம்மதியாகத் தூங்குகிறது.

மதீனத்து மக்கள் இந்தத் தூரத்தை எப்படிக் கடந்தார்கள்? பேரீச்சை அறுவடைக் காலத்தில் அன்ஸாரிகள் தத்தம் தோட்டத்துக் குலைகளைச் சுமந்து வந்து பள்ளிவாசலிலே தொங்கவிடுவார்கள். திண்ணைத் தோழர்களான ஏழை ஸஹாபாக்கள் பசித்த வேளையில் அதைத் தட்டி, உதிர்ந்த கனிகளை உண்பார்கள். இங்கே ஏழை, தோட்டம் தேடி அலையவில்லை. கொடுப்பவரே, ஏழை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தார். சிலர் சொத்தைக் கனிகள் நிறைந்த குலையைக் கொண்டுவந்து தொங்கவிட்டபோது, தாமே கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்கிக்கொள்ளாத பண்டத்தைப் பிறருக்குக் கொடுக்கலாகாது என்ற கருத்தில் ‘அல்பகரா’ அத்தியாயத்தின் 267-வது வசனம் அருளப்பட்டது என்று ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. அழுகியதைக் கழித்துவிடும் வழியாக ஸதகாவைக் கருதுவோருக்கு இதில் பெரும் எச்சரிக்கை இருக்கிறது.

மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று, உழைத்து நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று என்பது மார்க்கம் வகுத்த அளவு. சேமித்து வைத்து உண்ணும் தானியம், பேரீச்சை, திராட்சை ஆகியவற்றிலேயே இது கடமை என்பது ஷாஃபிஈ மத்ஹபு. காய்கறிகளிலும் உண்டு என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் முடிவு. தத்தம் நிலத்துக்குரிய சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும். நாம் சொல்ல வருவது, கணக்கு முடிந்த பிறகும் மிஞ்சி நிற்கும் கடமையைப் பற்றி.

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வரிடம் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே கொடுக்கப்பட வேண்டும் என்ற நெறியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வகுத்தருளினார்கள். அருகிலிருப்பவருக்கே முதல் உரிமை. ஆனால் அருகிலே இல்லாதபோது? ஹிஜ்ரி 18-ல் அரபு நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எகிப்திலிருந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதி உணவுப் பொருள்களை வரவழைத்தார்கள். நைல் நதியைச் செங்கடலோடு இணைக்கும் பழைய கால்வாய் மீண்டும் தோண்டப்பட்டு, தானியம் கப்பலில் வந்தது. மக்களின் பஞ்சம் தீரும்வரை தாம் நெய்யைத் தொடுவதில்லை என்று இருந்தார்கள் கலீஃபா. எகிப்திலே விளைச்சல் இருந்தது, மதீனாவிலே பசி இருந்தது. இடையிலிருந்த தூரத்தைத் தம் பொறுப்பாக எண்ணினார்கள் அந்த மாமனிதர்.

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2011 முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இது பெரிய காரியம், நன்றியோடு ஒப்புக்கொள்வோம். ஆனால் அரிசி வந்த வீட்டுக்குக் காய் வந்துவிடுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை. வயிறு நிரம்பியும் உடல் வாடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க அரசு ஏற்பாடு செய்தது. விலை ஏறினால் பட்டணம் அழுகிறது. உடனே வண்டி ஓடுகிறது. விலை விழுந்தால் கிராமம் அழுகிறது. அப்போது வண்டி எங்கே?

இங்கேதான் பர்ளு கிஃபாயா என்ற சட்டத்தை நினைவுகூர வேண்டும். ஜனாஸாவை அடக்கம் செய்ய ஊரில் சிலர் முன்வந்தால் அனைவர் பொறுப்பும் நீங்கும். ஒருவரும் வராவிட்டால் ஊர் முழுதும் குற்றவாளி. பசித்தவருக்கு உணவளிப்பதையும் நம் இமாம்கள் இவ்வகையிலேயே சேர்த்திருக்கிறார்கள். இறந்தவரைச் சுமக்கத் தோள் கொடுக்கும் ஜமாஅத், உயிரோடிருப்பவரின் உணவைச் சுமக்கத் தோள் கொடுக்காதிருப்பது எந்த நியாயம்?

இலவசமாகக் காய் கொடுத்தால் தள்ளுவண்டியில் விற்கும் ஏழையின் பிழைப்பு என்னாவது என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஓர் ஏழையின் கையிலிருந்து பிடுங்கி இன்னோர் ஏழைக்குக் கொடுப்பது தர்மமாகாது. ஆகவே விலை விழுந்து பண்டம் வீணாகும் நாள்களில் மட்டும் செய்வோம். விவசாயிக்குப் பறிகூலியும் வாடகையும் போக ஏதேனும் மிஞ்சும் விலையைக் கொடுத்தே வாங்குவோம். வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை அந்தத் தள்ளுவண்டிக்காரருக்கே கூலி பேசிக் கொடுப்போம். வாங்குபவரைப் பள்ளிவாசல் வாசலில் வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டாம். சொல்லிக் காட்டுவது தர்மத்தைப் பாழாக்கிவிடும் என்பது மறை தரும் பாடம்.

இது நம்மால் ஆகாத வேலையல்ல. ரமலான் வந்துவிட்டால் நம் பள்ளிவாசல்களில் அஸருக்கு முன்பே நோன்புக் கஞ்சி தயாராகிவிடுகிறது. அரிசி வருகிறது, காய் வருகிறது, விறகு வருகிறது. தூக்குவாளியோடு வரும் மாற்றுமதச் சகோதரரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. யார் ஏழை, யார் விதவை, யார் கேட்கக் கூச்சப்படுபவர் என்று ஜமாஅத்துக்குத் தெரியும். ஆட்களும் இருக்கிறார்கள், பழக்கமும் இருக்கிறது. ஒரு மாதம் அடுப்பிலிருக்கும் அந்தத் தேக்சா மற்றப் பதினொரு மாதங்களும் கவிழ்ந்து கிடக்கிறது. பசிக்கு மட்டும் ரமலான், ஷவ்வால் என்ற வேறுபாடில்லையே!

வருகிற ஜும்ஆவில், உங்கள் ஊரைச் சுற்றி என்ன விளைகிறது, அதில் எது வீணாகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அல்லாஹ் நமக்கு விளைச்சலைத் தந்தான். பசித்தவரையும் காட்டித் தந்தான். இடையிலுள்ள பாதையை நம்மிடம் விட்டிருக்கிறான். அப்பாதையில் நடக்கும் தௌஃபீக்கை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.