தோம்பில் இல்லாதவர்

ஒல்லாந்தர் காலத் தோம்புகளில் தம் முன்னோரின் பெயரைத் தேடி மகிழ்வோர் நம்மிடையே உளர். அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒரு பெயர் ஏட்டில் இருப்பதனால் மட்டும் உரிமை பிறந்துவிடுமா என்ற கேள்வி நம்மை நெடுநாளாய் உறுத்தி வருகின்றது.

தோம்பு என்பது போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பனி, தனக்கு முந்தியோர் தொடங்கிய இவ்வழக்கத்தை விரிவாக்கிற்று. வலிகாமம், வடமராட்சி, நமது தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி எங்கும் காணியும் குடியும் எழுதப்பட்டன. எழுதியதன் நோக்கம் நீதியன்று, இறை. எவனிடம் வரி கேட்பது, எவனை ஊழியத்துக்கு அழைப்பது என்பதே கும்பனியின் கவலை. ஆகவே நிலத்துக்கு நேரே நிற்கும் பெயரை அந்நிலத்தில் உழைத்தவனின் பெயரென்று கொள்வதற்கில்லை. உழைத்தவருட் பலர் தாமே பிறருடைய உடைமையாயிருந்தனர். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில் சீதனமும் ஈடும் போலவே அடிமைகளும் ஒரு பகுதி. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழித்த சட்டம் விடுதலை பெற்றவனுக்கு ஒரு பரப்பு நிலந்தானும் கொடுக்கவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜெர்மானிய நாடாகிய பிரஷ்யாவில் 1807இல் பண்ணையடிமைத்தனத்தை ஒழிக்க ஆணை பிறந்தது. 1816இல் வந்த விதியோ, ஏர்மாடு வைத்திருந்த, பழைய வரிப்பதிவேட்டில் ஏறியிருந்த குடிகளுக்கே நிலவுரிமை என்றது. குடிசைவாசி கூலியானான்.

நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவனின் குடும்பம் வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது காணியுறுதி கேட்கப்பட்டது. "நாங்கள் ஐயா ஆக்களின்ரை காணியில இருக்கிறம், சேர். அப்பு காலத்திலயிருந்து" என்றார் தகப்பனார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, பிறர் காணியைப் பத்தாண்டு எதிருரிமையுடன் ஆண்டவன் அதற்கு உரித்தாளியாகலாம். ஆனால் அனுமதி பெற்று இருப்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. முரண்டி நின்றவனுக்குப் பத்தாண்டு போதும். பணிந்து இருந்தவனுக்கு மூன்று தலைமுறையும் போதாது. பணிவை நாம் மாணவருக்கு ஒரு பண்பாகக் கற்பிக்கின்றோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

அப்படியாயின் ஏடுகளைக் கொளுத்திவிடலாமா? 2000இல் சாவகச்சேரி எரிந்தபோது ஓடியவர்கள் நாம். திரும்பி வந்து வேலியைத் தேடியவனுக்கு உறுதிதான் துணை. இருப்பவனுக்கே நிலம் என்று விதித்தால், துரத்தப்பட்டவனின் நிலம் துரத்தியவனுக்கே போய்ச் சேரும். 1983 முதல் 2009 வரையான காலத்தில் உரிமை கோர இயலாதிருந்தோருக்காக 2016இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டதும் இதனாலேயே. எழுத்து எளியவனுக்கும் அரணாகும், அவன் எழுதப்பட்டிருந்தால். எழுதப்படாதவனுக்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை.

காணிக்காரர் இப்போது கனடாவில். நல்ல மனிதர் என்றே கேள்வி. நன்கொடை உறுதி எழுதித் தரும்படி கடிதம் எழுதலாமே என்றோம். தகப்பனார் சற்றுநேரம் பேசவில்லை.

"கேட்டால் தருவார், சேர். கேக்கிறதுதான் ஒருமாதிரிக் கிடக்கு."

அந்த மண்ணில் நிற்கும் தென்னைகளை வைத்தவர் அவருடைய அப்பு.